கடைசிச் சம்பளத்தோடு முடிகிற காப்புறுதி

இலங்கையில் தனியார் துறை வேலையை விட்டு விலகும் ஒருவருக்கு என்னென்ன தீர்க்கப்பட வேண்டும் என்பதைச் சட்டம் அக்கறையோடு எழுதி வைத்திருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதியத்தில் அவருடைய 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் மாதாமாதம் சேர்ந்திருக்கும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி தன் கையிலிருந்து 3 வீதம் கட்டியிருப்பார். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த இடமென்றால், ஐந்து ஆண்டு முடித்தவருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை என்கிறது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். கடைசிச் சம்பளம் எண்பதாயிரம், சேவை பன்னிரண்டு ஆண்டு என்றால் நாலு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா. பள்ளிக்கூடப் பிள்ளையும் போட்டுவிடக்கூடிய கணக்கு. ஆனால் அந்த வேலையோடு வந்த மருத்துவக் காப்புறுதி மறுநாள் என்ன ஆகும் என்று இந்தச் சட்டங்கள் எதிலும் ஒரு வரி இல்லை. நடைமுறை அந்த வெற்றிடத்தை நிரப்பிவிட்டது: கடைசி வேலைநாளோடு அது முடிந்துபோகும்.

சட்டம் மௌனமாக இருப்பதற்குக் காரணம் கவலையீனம் என்று சொல்லிவிட முடியாது. நோய்க்கு அரச வைத்தியசாலை இருக்கிறது, அதற்குக் காசு வேண்டாம் என்ற நம்பிக்கையே காரணம். அந்த நம்பிக்கை வெறும் பேச்சுமல்ல. 1951இல் அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கும் முறை வந்து, 1977இல் அதுவும் போயிற்று. இன்றைக்கு யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் நாரந்தனையில் ஒருவருக்கு நெஞ்சு நோ வந்தால் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே முடியாதென்றால் பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு. புற்றுநோய் என்றால் தெல்லிப்பளை. இந்த வழியில் எந்த மேசையிலும் ‘எங்கே வேலை செய்கிறீர், காப்புறுதி அட்டை எங்கே’ என்று கேட்கமாட்டார்கள். உலகின் பணக்கார நாடுகள் சிலவற்றில்கூட ஏழைக்குக் கிடைக்காத பெரும் பேறு இது. இதைச் சிறுமைப்படுத்தும் எந்த வாதமும் தீவுப்பகுதியில் எடுபடாது, எடுபடவும் கூடாது.

இருந்தும் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ பாதியை மக்கள் தம் சொந்தக் கையிலிருந்தே கொடுக்கிறார்கள். இலவசம் என்று சொல்லும் நாட்டில் இந்தப் பாதி எங்கே போகிறது? வைத்தியசாலையில் படுத்த பிறகு ஆகும் செலவு இதில் சிறு பங்குதான். பெரும் பங்கு அதற்கு முன்னும் பின்னும் போகிறது: பின்னேரத்தில் நிபுணரைத் தனியாரிடம் பார்க்கும் கட்டணம், அரச வைத்தியசாலையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஸ்கானை வெளியே எடுக்கும் காசு, வைத்தியசாலைப் பாமசியில் முடிந்துபோன மருந்தை வெளிப் பாமசியில் வாங்கும் காசு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்தக் கடைசிச் செலவு எவ்வளவு ஏறியது என்பதை நாட்டில் மருந்துச் சிட்டையோடு அலைந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். தீவில் இருப்பவருக்கு இன்னொன்றும் சேர்கிறது: ஒவ்வொரு கிளினிக்குக்கும் பட்டணம் போய்வரும் பஸ் அல்லது ஓட்டோக் காசும் கூடப்போகிறவரின் ஒருநாள் உழைப்பும். இதை எந்தக் காப்புறுதியும் தருவதில்லை. ஆனாலும் கணக்கில் அது உண்டு.

வேலையோடு வரும் காப்புறுதி இந்தப் பாதியின் ஒரு துண்டைத்தான் தாங்குகிறது. யாழ்ப்பாணத்தில் வங்கி, தொலைத்தொடர்பு, நிதி நிறுவனம், பெரிய தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் வேலை பார்க்கும் பலருக்குக் கூட்டு மருத்துவக் காப்புறுதி உண்டு. அது எப்படி இயங்குகிறது என்று சற்று உற்றுப் பார்த்தால்தான் அது ஏன் இவ்வளவு சுலபமாகக் கைநழுவுகிறது என்பது புரியும். ஒப்பந்தம் காப்புறுதிக் கொம்பனிக்கும் வேலைதரும் நிறுவனத்துக்கும் இடையிலானது. ஊழியர் அதில் ஒரு தரப்பே அல்ல. ஒப்பந்தத்தோடு இணைத்த பட்டியலில் ஒரு பெயர், ஒரு பிறந்த திகதி, மனைவி பிள்ளைகளின் விவரம், அவ்வளவுதான். கட்டணம் அந்தக் கூட்டத்தின் சராசரி வயதையும் போன ஆண்டுக் கோரிக்கைகளையும் பார்த்து ஆண்டுக்கொருமுறை பேசி முடிக்கப்படுகிறது. புதிதாக ஒருவர் சேர்ந்தால் மனிதவளப் பிரிவு பெயரை அனுப்பும். விலகினால் பெயரை வெட்டச் சொல்லி அனுப்பும். வெட்டிய பெயருக்குரிய மீதிக் காலக் கட்டணம் திரும்பினாலும் அது நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போகும். சம்பளச் சிட்டையில் தன் பங்கென்று பிடிபட்ட ஊழியருக்கும் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

கைவிட்டுப் போவது அந்த ஆண்டின் பாதுகாப்பு மட்டுமென்றால் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. போவது அதைவிடப் பெரியது. இருபத்தெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்து ஐம்பத்தைந்தில் விலகும் ஒருவர் இருபத்தேழு ஆண்டு காப்புறுதிக்குள் இருந்திருக்கிறார். அவருக்கு உடம்பில் ஒன்றும் இல்லாத ஆண்டுகளின் கட்டணம் எல்லாம் கூட்டத்தின் பானைக்குள் போய்விட்டது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தொடங்குகிற வயதில் அவர் தனியாளாய்க் காப்புறுதிக் கொம்பனியின் வாசலுக்கு வரும்போது அங்கே அவர் புத்தம் புதிய ஆள். மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள், அல்லது அந்த நோயையே விலக்கிவிடுவார்கள். இங்கே தனிநபர் மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் ஆயுள் காப்புறுதியின் ஒட்டாகவே விற்கப்படுவதால் சேரும் வயதுக்கும் எல்லை உண்டு. இருபத்தேழு ஆண்டு கட்டிய வரலாறு அவர் பெயரில் எங்கேயும் பதிவாகவில்லை. சேமலாப நிதியில் அவருக்கு ஓர் எண் இருக்கிறது, வட்டி சேர்ந்த மீதி இருக்கிறது. காப்புறுதியிலோ கணக்கே இல்லை.

இதோடு, யார் வேலையை விடுகிறார்கள் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். நல்ல இடம் கிடைத்து மாறுகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. புதிய இடத்தில் புதிய பட்டியல். மீதிப் பேரைப் பாருங்கள். வயது வந்து போகிறவர்கள், ஆட்குறைப்பில் போகிறவர்கள், திட்டம் முடிந்ததால் ஒப்பந்தம் முடிந்த தொண்டு நிறுவன ஊழியர்கள், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகோ படுக்கையில் விழுந்த தாய் தகப்பனைப் பார்க்கவோ நிற்கிற பெண்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, வருத்தம் வந்து வேலைக்குப் போக முடியாமல் போனவர்கள். இந்தக் கடைசி ஆட்கள்தான் இந்த ஏற்பாட்டின் குறையைத் தெளிவாகக் காட்டுகிறார்கள். வேலை செய்ய முடியாத அளவுக்கு நோய் முற்றும்போதே நோய்க்கான பாதுகாப்பு எடுக்கப்படுகிறது. மழைக்காலம் தொடங்கும் அன்றைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய குடை அது.

அரச ஊழியருக்கு நிலைமை கொஞ்சம் வேறு, இந்த வேறுபாடு என் வாதத்துக்கு முக்கியமானது. அவர்களுக்குரிய அக்ரஹார காப்புறுதியை 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. நீண்ட காலம் அதுவும் ஓய்வோடு முடிந்துபோனது. பிறகு 2016 சனவரி 1 முதல் ஓய்வுபெறுகிறவர்களுக்கு, ஓய்வூதியத்திலிருந்து சந்தா பிடித்துக்கொண்டு தொடரும் ஏற்பாடு வந்தது. அதற்கு முந்திய ஓய்வூதியர்கள் தொடக்கத்தில் வெளியே நின்றார்கள். ஒரு திகதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த இரண்டு ஆசிரியர்களின் முதுமை வேறுவேறானது. 2022இல் ஓய்வு வயது 65இலிருந்து 60 ஆக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி பல்லாயிரம் அரச ஊழியர்கள் ஒரே நாளில் வீட்டுக்குப் போனபோது இந்தத் தொடர்ச்சியின் அருமை தெரிந்தது. ஆக, வேலை முடிந்த பிறகும் காப்புறுதியைத் தொடர முடியும், மூத்தவர்களைச் சேர்த்தால் நிதியம் கவிழ்ந்துவிடாது என்பதை அரசே தன் ஊழியரிடம் செய்து காட்டியிருக்கிறது. சந்தா ஓய்வூதியத்திலிருந்து பிடிபடுவதால் ஓய்வூதியம் இல்லாதவருக்கு அந்த வாசல் இல்லை. நாட்டின் தொழிலாளரில் பெரும்பான்மையினருக்கு ஓய்வூதியம் இல்லை.

தீவுப்பகுதியைப் பொறுத்தவரை இன்னொரு காப்புறுதியும் உண்டு. அதற்கு எந்தச் சட்டத்திலும் பெயரில்லை. 1990க்குப் பிறகு ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நாரந்தனைப் பக்கத்துக் குடும்பங்கள் பாதியும் அதற்கு மேலும் இடம்பெயர்ந்து, அதில் பலர் கனடா, பிரான்ஸ், சுவிஸ், இங்கிலாந்து என்று போனார்கள். ஊரில் எஞ்சியதும் திரும்பியதும் கூடுதலாக மூத்தவர்கள். அம்மாவுக்குக் கண் வெட்ட வேண்டும், அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றால் தொலைபேசி பாரிஸுக்கோ சூரிச்சுக்கோ போகும், காசு வரும். இதை ஊர்க்காரர் காப்புறுதி என்று சொல்வதில்லை. மகன் அனுப்பினான் என்பார்கள். ஆனால் பொருளாதாரக் கண்ணால் பார்த்தால் இதுவும் வேலையோடு பிணைந்த காப்புறுதிதான், வேலை மட்டும் கடலுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே வேலை போனால் இங்கே ஸ்டென்ட் தள்ளிப்போகும். ஆகவே அந்த நாடுகள் வேலையிழந்தவரை எப்படிப் பார்க்கின்றன என்பது நாரந்தனைக்குத் தொடர்பில்லாத சங்கதி அல்ல.

சுவிஸில் 1996இல் நடைமுறைக்கு வந்த மருத்துவக் காப்புறுதிச் சட்டப்படி ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே காப்புறுதி எடுக்க வேண்டும். வேலை போனாலும் அது அசையாது, கட்டணத்தைக் கட்டுவதுதான் பாடு. விபத்துக் காப்புறுதி மட்டும் வேலையோடு வருவது. அதுகூடச் சம்பள உரிமை முடிந்து 31 நாள் நீடிக்கும். அதற்குள் கேட்டுக் காசு கட்டினால் இன்னும் ஆறு மாதம் வரை நீட்டலாம். பிரான்ஸில் அடிப்படை மருத்துவம் வேலையைச் சார்ந்ததல்ல. அதற்கு மேலான துணைக் காப்புறுதியை முதலாளி தர வேண்டும், கட்டணத்தில் குறைந்தது பாதியும் அவருடையது. வேலையிழந்து அரச உதவிப்பணத்துக்குத் தகுதிபெற்றவருக்கு அந்தத் துணைக் காப்புறுதி, அவர் கடைசியாக வேலை செய்த கால அளவுக்கு, ஆனால் 12 மாதத்துக்கு மிகாமல், ஒரு சதமும் கட்டாமல் தொடரும். 2014 ஜூனில் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் செலவை வேலையில் இருப்பவர்களும் முதலாளிகளும் தம் கட்டணத்துக்குள்ளேயே சுமக்கிறார்கள். அமெரிக்கா எதிர்த் திசை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சம்பள உயர்வைச் சட்டம் தடுத்தபோது முதலாளிகள் ஆட்களைப் பிடிக்க மருத்துவக் காப்புறுதியைக் கொடுத்தார்கள். அந்தத் தற்காலிக வழி பிறகு வரிச்சலுகையோடு நிலைத்துவிட்டது. 1986இல் கையெழுத்தான கோப்ரா என்ற சட்டம், இருபதும் அதற்கு மேலும் ஊழியருள்ள நிறுவனத்தை விட்டவருக்குப் பொதுவாக 18 மாதம் அதே கூட்டுக் காப்புறுதியில் இருக்க உரிமை தருகிறது. ஆனால் முழுக் கட்டணத்தோடு நிர்வாகச் செலவுக்கு 2 வீதமும் சேர்த்து 102 வீதம் கட்ட வேண்டும். வேலையில்லாதவரிடம் வேலையிலிருந்தபோது கட்டியதைப்போல் பல மடங்கு கேட்கும் உரிமை அது. தாளில் அழகாக இருக்கும் உரிமைக்கும் கையில் பிடிக்கக்கூடிய உரிமைக்கும் உள்ள தூரத்தை அமெரிக்காவையும் பிரான்ஸையும் பக்கத்தில் வைத்தால் காணலாம்.

நமக்குக் கிட்டிய உதாரணம் இந்தியாவின் தொழிலாளர் அரசு காப்பீடு, அங்கே எல்லோரும் இ.எஸ்.ஐ. என்று சொல்வது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு மறு சனவரி முதல் ஜூன் வரை பயன் என்று கட்டும் காலத்தையும் பெறும் காலத்தையும் தள்ளித்தள்ளி வைத்திருக்கிறார்கள். வேலை போன அன்றே எல்லாம் போய்விடாதபடி கணக்கிலேயே ஓர் இடைவெளி கட்டப்பட்டிருக்கிறது. ஐந்து ஆண்டாவது காப்பீட்டில் இருந்து ஓய்வு வயதில் விலகுகிறவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். கோயம்புத்தூர் ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு இருக்கும் இந்த உரிமை யாழ்ப்பாணத்து நிதி நிறுவன ஊழியருக்கு இல்லை.

இலங்கைக்குப் புதிய நிதியம் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. இருக்கிற நிதியம் ஒன்றே போதும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தை நம் ஆட்கள் வேலை மாறும்போது எடுக்கும் கைக்காசாக மட்டும் அறிவார்கள். இதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண் வில்லை, வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சை ஆகியவற்றுக்கும் அது உதவி தருகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் இவை சந்தா ஓடிக்கொண்டிருக்கும் உறுப்பினருக்குத்தான். வேலை நின்றால் சந்தா நிற்கும், சந்தா நின்றால் உதவியும் நிற்கும். ஊழியரின் பெயரில் கணக்கு இருக்கிறது, எத்தனை ஆண்டு கட்டப்பட்டது என்ற வரலாறு இருக்கிறது, மருத்துவ உதவி தரும் நிர்வாகமும் இருக்கிறது. வேலை முடிந்து ஓராண்டுக்கு இந்த உதவிகள் தொடரட்டும், ஐந்து ஆண்டு கட்டியவருக்கு இரண்டாண்டாகட்டும் என்று ஒரு திருத்தம் வந்தால் போதும். அதோடு, இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, கூட்டுக் காப்புறுதியில் இருந்து விலகும் ஒருவர் அதே கொம்பனியில் தனிநபர் காப்புறுதிக்கு மாறும்போது முந்திய ஆண்டுகளைக் காத்திருப்புக் காலத்தில் கழிக்க வேண்டும் என்று விதிக்கலாம். முதலாவதற்குப் பாராளுமன்றம் வேண்டும். இரண்டாவதற்கு 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்த ஆணைக்குழுவின் முனைப்பு வேண்டும்.

காப்புறுதித் துறையினர் இதற்குச் சொல்லும் மறுப்பு தெரிந்ததுதான்: தொடரும் உரிமையைக் கொடுத்தால் நோயாளிகள் மட்டுமே அதைப் பிடித்துக்கொள்வார்கள், சுகமானவர்கள் விட்டுப்போவார்கள், கட்டணம் ஏறும், கடைசியில் எல்லோருக்கும் நட்டம். இது பயமுறுத்தல் அல்ல. கோப்ராவில் அப்படித்தான் நடந்தது, அதைத் தேர்ந்தெடுத்தவர்களின் செலவு வேலையில் இருப்பவர்களைவிட உயர்ந்தே இருந்தது. ஆனால் அந்த நட்டத்தின் காரணம் தொடர்ச்சி அல்ல, தேர்ந்தெடுக்கச் சொல்வதும் முழுக் கட்டணத்தை விலகியவரின் தலையில் போடுவதும்தான். பிரான்ஸில் தேர்வு இல்லை; தகுதி உள்ள எல்லோருக்கும் தானாகத் தொடர்கிறது, சுகமானவரும் உள்ளேயே நிற்கிறார். நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் வழியாகச் செய்தால் இங்கேயும் அதே நிலை. உறுப்பினர் எல்லோருக்கும் சந்தா வேலைக்காலத்திலேயே கட்டி முடிந்திருக்கும்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. கையில் காசிருந்தால் அதை அரச வைத்தியசாலைக்கே போடுங்கள். தனியார் வைத்தியசாலையின் கட்டணத்தை ஏன் பொது நிதியத்தால் தாங்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் முதல் ரூபாய் ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்குப் போகட்டும் என்பேன்: அங்கே ஒரு நிபுணரும் ஆய்வுகூடமும் கூடினால் தீவுப்பகுதி முழுவதின் பஸ் காசு மிஞ்சும். ஆனால் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் காசு திறைசேரியின் காசு அல்ல. ஊழியர் உழைப்பின் பெயரில் முதலாளி கட்டியது. அதை வைத்தியசாலைக்கு மாற்றிவிட முடியாது. உரியவருக்கு எப்போது கொடுப்பது என்பதே அங்கே கேள்வி. நான் கேட்பது வேலையில்லாத காலத்திலும் கொடு என்பதுதான்.

மூன்றாவது மறுப்புக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் விரும்பவில்லை. நாரந்தனையில் கடலுக்குப் போகிறவருக்கும், தோட்டம் செய்கிறவருக்கும், கூலிக்கு மேசன் வேலை பார்க்கிறவருக்கும் கூட்டுக் காப்புறுதி என்றுமே இருந்ததில்லை. அவர்களுக்கு இந்த விவாதம் முழுவதும் சலுகை பெற்றவர்களின் குறைப்பாடு. ஒரு காலத்தில் கொழும்பிலும் தெற்கிலும் தீவார் நடத்திய கடைகளில் நின்ற ஆட்களுக்கும் இதேதான். சாப்பாடும் படுக்கையும் கடையில், வருத்தம் வந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இன்றைக்கும் தொழிலாளரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எந்த நிதியத்துக்கும் வெளியேதான் நிற்கிறார்கள். ஆனால் காப்புறுதி முதலாளியின் பட்டியலைவிட்டு ஆளின் பெயருக்கு மாறும்வரை, முதலாளி இல்லாதவருக்கு அது வர வழியே இல்லை. ஆளோடு பிணைந்த கணக்கு ஒன்று உண்டானால்தான் மீனவரும் அதில் தன் பெயரைப் போடலாம். நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் சுயதொழில் செய்கிறவர்களையும் உறுப்பினராக ஏற்கிறது. அந்தக் கதவை யாரும் தட்டாததற்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லாததே பாதிக் காரணம்.

சட்டம் மாறும்வரை, வேலையை விடப்போகிறவர்கள் இராஜினாமாக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னமே செய்து முடிக்க வேண்டிய சில காரியங்கள் உண்டு. கூட்டுக் காப்புறுதி எந்தத் திகதியோடு முடிகிறது, கடைசி வேலைநாளா, மாத முடிவா என்பதை மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். செய்யவேண்டிய பரிசோதனை, சத்திரசிகிச்சை ஏதும் தள்ளிப்போட்டிருந்தால் அந்தத் திகதிக்கு முன் முடியுங்கள்; நடந்து முடிந்த சிகிச்சைக்கான கோரிக்கையைக் காலவரம்பு பார்த்து உடனே அனுப்புங்கள். எத்தனை ஆண்டு, எந்தக் கொம்பனியில், என்ன தொகைக்குக் காப்புறுதி இருந்தது என்று நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் ஒரு சான்று வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டு அதே காப்புறுதிக் கொம்பனியிடம் தனிநபர் காப்புறுதிக்குக் காத்திருப்புக் காலத்தைக் குறைக்கக் கேளுங்கள். கொடுக்க வேண்டும் என்று விதியில்லை, கேட்கக் கூடாது என்றும் விதியில்லை. சேமலாப நிதியில் பத்து ஆண்டும் மூன்று இலட்சம் ரூபா மீதியும் உள்ளவர்கள், 2012இன் திருத்தச் சட்டப்படி வேலையில் இருக்கும்போதே 30 வீதம் வரை பாரதூரமான நோய்ச் சிகிச்சைக்கு எடுக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்றும் கைகொடுக்காத இடத்தில் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி இருக்கிறது. 2025 முதல் அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. ஊர்காவற்றுறை பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.